கண்ணாடிக்குள் அடிக்காத வெயில்

விஆர் கண்ணாடியை நான் வாங்கியது பார்ட்டிகளை மயக்கத்தான். திண்டுக்கல்லில் வீடு, பட்டறை, சிறு தொழிற்கூடம் என்று பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். காகிதத்தைக் காட்டினால் ‘ம்’ கொட்டுகிறவர்கள், கண்ணாடியை மாட்டியதும் இன்னும் எழும்பாத சுவரைத் தொடக் கை நீட்டுவார்கள். அட்வான்ஸ் சீக்கிரம் கைக்கு வந்துவிடும்.

அந்தக் கருவிக்கு அதைவிட நல்ல வேலை உண்டு என்று எனக்குக் காட்டியவர் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா.

சின்னாளபட்டிப் பக்கம் ஒரு ரெடிமேட் யூனிட். முதலாளி போட்டுப் பார்த்தார். வெள்ளைச் சுவர், வரிசையாக மெஷின்கள், மேற்கே நீளமான ஜன்னல். அவருக்குத் திருப்தி. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடமும் கொடுத்தேன். முதலாளி நிற்கும்வரை, “நல்லா இருக்கு சார்” என்பதோடு சரி. அவர் போன் பேச வெளியே போனதும் கேள்விகள் வந்தன. “வெளிச்சமெல்லாம் சரிதான் தம்பி. மூணு மணிக்கு இந்த ஜன்னலோரம் உக்கார முடியுமா? மேல தகரம்தானே? வெள்ளைத் துணி தைக்கையில வெள்ளைச் செவரு கண்ணு கூசாதா?”

கூச்சத்தை அவர் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துவிட்டார். வெயிலை அவர் பார்க்கவில்லை. பழகிய உடம்பு சொன்னது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அலுவலக அறையை அப்படியே மெய்நிகராக உருவாக்கி, இரண்டிலும் மக்களுக்கு வாசிப்பு போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். செயல்திறன் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. ஆக வெளிச்சம், நிறம், மேசை வரிசை ஆகியவற்றைக் கட்டுமுன்பே சோதிக்க இந்தக் கருவியை நம்பலாம். சூடு அப்படியல்ல. டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் 1970இல் நூலாக எழுதிய கணக்கின்படி, உடலின் சௌகரியத்தைத் தீர்மானிப்பவை ஆறு: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகளின் அனல், காற்றோட்டம், ஈரப்பதம், உடுத்தும் துணி, செய்யும் வேலை. கண்ணாடி இவற்றில் ஒன்றைக்கூடத் தோலுக்குத் தராது.

பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு இதை உறைக்க வைத்தது. 2020இல் வெளியானது. பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். மின்சாரம் மிச்சமானது எதிர்பார்த்ததுதான். எல்இடி குறைவாகச் சூடாவதால், வெப்பமான நாட்களில் சரிந்துவந்த உற்பத்தியும் பெருமளவு தாங்கி நின்றது. என் கண்ணாடியில் பழைய விளக்கும் எல்இடியும் ஒரே வெளிச்சம்தான்!

எவ்வளவு சூடு தாங்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே அளவுகோல் இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆட்களைக் கேட்டு, 2014இல் ஒரு சூத்திரம் தந்தது. வெளிக்காற்றின் சராசரி வெப்பம் 30 டிகிரி இருக்கும் பருவத்தில், ஜன்னல் திறந்த அலுவலகங்களில் நம் ஆட்களுக்குச் சுமார் 29 டிகிரி இதமானது. ஏசி இல்லாமலே எட்டக்கூடிய எண்தான். ஆனால் தகரத்தின் அடியில், மேற்கு வெயிலில் எட்டாது.

எங்கள் பக்கம் வேடசந்தூர் நூற்பாலைகளில் நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். நூலின் சௌகரியத்துக்கு மீட்டர் வைத்துப் பார்க்கும் ஊரில், ஆளின் சௌகரியத்தை யாராவது கேட்டால்தான் தெரியும்.

சின்னாளபட்டி யூனிட்டில் நான் கேட்டேன். ஜன்னல்களை வடக்கே மாற்றினேன். மேற்கே ஸ்டோர், படிக்கட்டு, கழிப்பறை. தகரத்துக்கு அடியில் வெப்பத் தடுப்பு, உச்சியில் அனல் வெளியேறத் திறப்பு. சுவருக்கு வெளிர் பச்சை. செலவைப் பார்த்து முதலாளி முகம் சுருங்கியது. தைக்கிறவர்களை ஒவ்வொருவராக, அவர் இல்லாத நேரத்தில், இரண்டு வடிவத்தையும் பார்க்க வைத்தேன். அவர்கள் சொன்னதை எழுதி நீட்டியபோது ஒத்துக்கொண்டார். அவர் முன்னால் கேட்டிருந்தால் எல்லாரும் “நல்லா இருக்கு சார்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். இது பழைய சிக்கல். சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924இல் விளக்கை மாற்றி மாற்றி உற்பத்தியை அளக்கத் தொடங்கினார்கள். யாரோ கவனிக்கிறார் என்பதே ஆட்களின் வேலையை மாற்றிவிடுமா என்ற விவாதம் அங்கிருந்துதான் கிளம்பியது.

தொழிற்கூடம் கட்டப் போகிறீர்களா? பிளானில் கையெழுத்துப் போடுமுன் கண்ணாடியை அங்கே உட்கார்ந்து வேலை செய்யப் போகிறவர்களின் தலையில் மாட்டுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பிறகு, நீங்கள் போடப்போகும் அதே மாதிரிக் கூரை எங்கே இருக்கிறதோ அங்கே போய், அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டையும் செய்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.