முறுக்கின் தண்ணீர்க் கிண்ணம்

முறுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. தலையை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் நீருக்குள் சுருட்டி வைத்திருந்தது. எனக்கு ஒரே சிரிப்பு. வீடியோ எடுத்து, "வெயில் தாங்காமல் ஒருத்தி குளிக்கிறாள்" என்று வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டேன். வானொலி நிலையத்தில் பாதிப் பேர் சிரிக்கும் முகம் அனுப்பினார்கள்.

அந்த வீடியோவை இப்போது பார்க்க முடிவதில்லை. அவள் குளிக்கவில்லை. தன்னைக் கடித்துக்கொண்டிருந்தவற்றை மூழ்கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறுக்கு ஒரு பால் பைத்தான். பெயரைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பால் குடிக்கிற பாம்பா?" என்பதுதான். ஆங்கிலத்தில் பந்து என்று பொருள்படும் 'பால்' அது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத, கூச்ச சுபாவமுள்ள பாம்பு. நான்கு வயதுப் பெண். என்னுடன் வேலை செய்த ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது என்னிடம் வந்தாள். செல்லப் பாம்பைக் கொண்டு வர அந்த நாடு அனுமதிப்பதில்லை. கண்ணாடித் தொட்டி, மரப்பட்டைத் தூள், ஒளிந்துகொள்ள ஒரு மரக்கட்டை, பெர்ஹிலித்தான் தாள்கள் எல்லாம் சேர்ந்தே வந்தன. (எந்தப் பாம்பாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர் வாசகர்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே பாம்பை வீட்டில் வளர்க்கவே அனுமதியில்லை.)

அம்மா பேராக்கில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எலியைத் தேடி நாகம் வரும் இடம். "தோட்டத்துல பாம்பப் பாத்தா மொதல்ல அடிப்பாங்க. அப்புறம் போயி புத்துக்குப் பால் ஊத்துவாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இன்றும் ஆடி மாதம் கோயில் புற்றுக்கு மஞ்சளும் பாலும் கொண்டு போகிறவர், என் அறைக் கதவைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "கும்புடுறது வேற, கூட வச்சுக்கிறது வேற."

கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தபோது மரப்பட்டைத் தூள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் இரவு அவளைக் கையில் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் முழங்கையருகே ஒரு மிளகுத்தூள் நகர்ந்தது. வெள்ளை டிஷ்யூ தாளை ஈரமாக்கி அவள் முதுகில் மெல்லத் தேய்த்தேன். தாளில் ஏழெட்டுப் புள்ளிகள் ஊர்ந்தன. ஒன்றை நசுக்கினேன். சிவப்பாகக் கோடு விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண் ஓரம் தெரிந்தது. மை தீட்டியதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுப்பாக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. தாடைக்கு அடியில் உள்ள மடிப்பிலும் அப்படியே.

தமிழில் சிற்றுண்ணி எனலாம். நாய்மேல் ஒட்டும் உண்ணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வளர்ந்த பெண் உண்ணியே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். செதிலுக்கு அடியில் புகுந்து இரத்தம் குடிக்கும். பாம்புக்குச் சொறிந்துகொள்ளக் கையில்லை, கத்தக் குரலில்லை. நாள் முழுக்கக் குரலை வைத்துப் பிழைக்கிற எனக்கு, குரலே இல்லாத ஒன்றின் வேதனை மூன்று வாரம் புரியவில்லை.

அந்த இரவு நான் செய்யப் போனதையும் சொல்லிவிடுகிறேன். கொசு மருந்து ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு தொட்டி அருகே நின்றேன். மூடியைக் கழற்றியும்விட்டேன். என்ன தோன்றியதோ, வைத்துவிட்டேன். வீட்டுப் பூச்சிமருந்தை அந்த மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அடித்திருந்தால், உண்ணியோடு பாம்பும் போயிருக்கும்.

மறுநாள் காலை, மூன்று விலங்கு மருத்துவமனைகளுக்குப் போன் செய்தேன். "பூனையா, நாயா?" என்று கேட்டு, பாம்பு என்றதும் மன்னிப்புக் கேட்டார்கள். நான்காவது இடத்தில் ஊர்வன பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். ஒரு மணி நேரக் கார்ப் பயணம். தலையணை உறைக்குள் முறுக்கு, உறை காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்.

டாக்டர் முதலில் எடை பார்த்தார். பிறகு வாயைத் திறந்து ஈறின் நிறம் பார்த்தார். உண்ணி அதிகமானால் இரத்தசோகை வருமாம், ஈறு வெளுத்துவிடும். முறுக்குக்கு அந்த அளவு போகவில்லை. எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுத்தார். துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், நேரடியாக முகத்தில் அடிக்கக் கூடாது, மருந்து காயும்வரை தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். "வீட்டில் ஆமை இருக்கிறதா?" என்று ஏன் கேட்டார் என்று பிறகுதான் புரிந்தது. பாம்பு உண்ணிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து ஆமையைக் கொன்றுவிடும். அடுத்தவர் சொன்ன மருந்தை அளவு தெரியாமல் வாங்கிப் போடாதீர்கள் என்று அவர் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

"புதிதாக வேறு பாம்பு எதையாவது தொட்டீர்களா?" என்றும் கேட்டார். தொட்டிருந்தேன். முறுக்கு வந்த வாரம், ஆர்வக் கோளாறில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குப் போய் நான்கு பாம்புகளைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். அதே சட்டையோடு, கை கழுவாமல், வீட்டுக்கு வந்து இவளைத் தூக்கினேன். பழைய தொட்டியில், மரப்பட்டையில், துணியில், கையில் என்று எதில் வேண்டுமானாலும் உண்ணி பயணம் செய்யும் என்றார் டாக்டர். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வேப்பெண்ணெய் தடவச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொன்னார். டாக்டர் கொடுத்ததைத் தவிர எதுவும் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "பேன் மாதிரியா?" என்றார்.

"அதே மாதிரிதாம்மா."

"அப்ப பாம்ப மட்டும் தொடச்சா போதாது. நீ மூணாம் வகுப்புல பேன் புடிச்சிட்டு வந்தப்ப, ஒன் தலையவிட தலகாணி உறையதான் நான் நெறையத் தொவச்சேன்."

டாக்டர் அரைமணி நேரம் விளக்கியதன் சாரம் இதுதான். சொல்லப்போனால் பாம்பு உண்ணி பேனைவிட மோசம். பேன் முடியிலேயே ஈர் வைக்கும். இது பாம்பின் மேல் முட்டையிடாது. இறங்கி, தொட்டியின் மூலையில், கட்டையின் வெடிப்பில், ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில் இடும். ஒரு பெண் உண்ணி தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டைகள் வரை இடக்கூடும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை வளர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரம் போதும். மருந்தால் சாகிறவை பாம்பின் மேல் இருப்பவைதான். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் ஒரு தடவை துடைத்துவிட்டு, புள்ளி தெரியவில்லை என்று கைவிட்டால், அடுத்த வாரமே புதுக் கூட்டம் வந்துவிடும்.

மரப்பட்டைத் தூளை இரட்டைப் பையில் கட்டி வெளியேற்றினேன். அழகான அந்த மரக்கட்டையையும் மனசில்லாமல் எறிந்தேன். வெடிப்புள்ள எதையும் வைத்திருக்க முடியாது. தொட்டியைக் கொதிநீரும் சோப்பும் போட்டு, கண்ணாடி ஒட்டிய ஓரங்களைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். தரைக்கு வெள்ளை டிஷ்யூ தாள், ஒளிந்துகொள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் வெட்டிய வாசல். பார்க்க அசிங்கம்தான், ஆனால் வெள்ளைத் தாளில் ஒரு புள்ளிகூடத் தப்பாது. மூன்று நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றி, மறுபடி கழுவி, ஆறு வாரம். என் மணிக்கட்டிலும் சில கடித்தடங்கள் வந்தன. மனித உடம்பில் அவை தங்கிக் குடித்தனம் நடத்துவதில்லை, அரிப்போடு போய்விடும்.

இந்த ஆறு வாரத்தில்தான் மற்ற பாடங்களையும் படித்தேன். நம் ஊர் வெயிலுக்குப் பாம்புக்குச் சூடு எதற்கு என்று நினைத்திருந்தேன். வெளியே 33 டிகிரிதான். ஆனால் என் அறையில் இரவெல்லாம் ஏர்கான் ஓடுகிறது! தொட்டியில் ஒரு பக்கம் 32, மறு பக்கம் 26 டிகிரி இருக்க வேண்டும். அவளே இடம் மாறித் தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்வாள். தொட்டிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு, அது தீய்த்துவிடாதிருக்கத் தெர்மோஸ்டாட். பைத்தானுக்கு ஈரப்பதமும் வேண்டும், அதையும் ஏர்கான் உறிஞ்சிவிடும். இப்போது நான் மின்விசிறியோடு தூங்குகிறேன்.

சாப்பாடு பெரிய பஞ்சாயத்து. உறைந்த எலியை அம்மா மீன் வைக்கும் அறையில் வைக்க முடியாது என்பது நியாயமான கோரிக்கை. பழைய குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்றை 150 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். முறுக்கோ ஐந்து வாரம் எலியை முகர்ந்தும் பார்க்கவில்லை. பால் பைத்தான் இப்படிப் பட்டினி கிடப்பது சகஜம், எடை மளமளவென்று இறங்காதவரை பயப்படாதே, தொந்தரவு செய்யாதே என்றார் டாக்டர். வாராவாரம் தராசில் வைத்தேன். 1,340 கிராம், 1,325, 1,310. இந்தச் சமயத்தில் ஒருநாள், வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று நண்பருக்குச் செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தேன். இந்தப் பாம்பு 20 ஆண்டுக்கு மேல் வாழும். ஏற்கெனவே ஒரு கை மாறி வந்தவள்.

ஐந்தாம் வாரம் கண் பால்நிறமானது, தோல் மங்கியது. சில நாளில் சட்டையை உரித்தாள். வால் நுனியிலிருந்து கண்மூடிவரை ஒரே துண்டு. அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தபோது கதவருகே அம்மா.

"குடு பாப்போம்."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்பு என் தலையைப் பார்த்த அதே கண்ணால், செதில் செதிலாகப் பார்த்தார். பிறகு, ஆறு வாரத்தில் முதல் தடவையாக, கதவைத் தாண்டி உள்ளே வந்து, தொட்டியிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று, தரையில் விரித்திருந்த வெள்ளைத் தாளைக் குனிந்து பார்த்தார். முறுக்கு டப்பாவுக்குள்ளிருந்து நாக்கை மட்டும் நீட்டினாள்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா. போகும்போது திரும்பி, "நாளைக்கும் பாரு. ஈர் பொரிக்கும்."