மேகத்துக்கு ஒரு வால்

கழுவெளி ஏரிப் பக்கம் நின்றிருந்த மேகத்தின் அடியில் ஒரு வால் தொங்கியது. ஆவணி மாதத்துப் பிற்பகல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் செல்போனில். பக்கத்து சீட்டுப் பெரியவர் மட்டும் எட்டிப் பார்த்து, "மேகம் தண்ணி மொள்ளுது பாருப்பா" என்றார். பிரம்மதேசம் வருவதற்குள் வால் சுருங்கி மேகத்துக்குள்ளேயே போய்விட்டது.

வால் விட்டுச் சுழலும் இந்த மாதிரிக் காற்றுக்கு நம் பக்கம் மரியாதை கிடையாது. புயல் என்றால் பேர் வைத்து அழைக்கிறோம். 2011 டிசம்பரில் 'தானே', 2024 நவம்பர் முடிவில் 'ஃபெஞ்சல்'. ஃபெஞ்சல் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; அந்த எண் பதிவேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் பார்த்த வால் எதிலும் ஏறாது. சென்னை டாப்ளர் ரேடார் ஒரு பக்கம், காரைக்கால் ரேடார் இன்னொரு பக்கம். இரண்டுமே எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கதிர் சற்று மேல்நோக்கிப் போகிறது, பூமியோ கீழே வளைகிறது. இங்கே வந்து சேரும்போது தலைக்கு மேலே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அது கடந்துவிடும். அதற்குக் கீழே என்ன கூத்து நடந்தாலும் அதன் கண்ணில் படாது. தப்பித்தவறித் தரையைத் தொட்டு நாலு கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டால்தான் டிவிக்காரர்கள் 'மினி சூறாவளி' என்று அலறுவார்கள்.

அமெரிக்கச் சமவெளியில் ஊரையே வாரிக்கொண்டு போகிற டொர்னாடோக்களுக்குப் பெரும்பாலும் சூப்பர்செல் என்கிற ராட்சச இடிமேகம் வேண்டும். அந்த மேகத்தின் வயிறே சுழன்றுகொண்டிருக்கும். நம்முடையதற்கு அந்த ஆடம்பரம் தேவையில்லை. மத்தியானத்துக்கு மேல் வங்காள விரிகுடாவிலிருந்து கடற்காற்று உள்ளே ஏறும். செஞ்சிப் பாறைகளில் வெந்த மேல்காற்று எதிரே வரும். இரண்டும் உரசுகிற எல்லையில், தரையோடு தரையாக, கண்ணுக்குத் தெரியாத சுழல்கள் பிறக்கும். கார்த்திகைக்குத் திரி திரிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கைகள் எதிரெதிராக நகர, நடுவிலிருக்கும் பஞ்சு முறுக்கேறும். வளர்கிற மேகம் ஒன்று மேலே வந்து நின்று அந்தத் திரியின் நுனியைப் பிடித்து இழுத்தால், அது மெலியும். மெலிய மெலியச் சுழற்சி வேகமெடுக்கும். கொலராடோவில் பார்த்ததை வைத்து வானிலை ஆய்வாளர்கள் வாகிமோட்டோவும் வில்சனும் 1989இல் எழுதிய கட்டுரையின் சாரம் ஏறக்குறைய இதுதான்.

தண்ணீரை மொள்வதாகச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. வால் என்று நாம் பார்ப்பது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து துளியானது. கடல்நீர் அடியில் கொஞ்சம் திவலையாகச் சிதறும், அவ்வளவே. ஃபுளோரிடா பக்கத்துத் தீவுகளில் விமானத்திலேறி இதைத் துரத்தித் துரத்திப் பார்த்த ஜோசப் கோல்டன், வால் இறங்குவதற்கு முன்பே தண்ணீரின்மேல் ஒரு கறுத்த வட்டம் தெரியும் என்று எழுதியிருக்கிறார்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் கட்சியில் ஆண்டாள் இருக்கிறாள். திருப்பாவை நாலாம் பாட்டில் மழைக் கடவுளை எப்படி விரட்டி வேலை வாங்குகிறாள்! கஞ்சத்தனம் கூடாது, கடலுக்குள்ளேயே இறங்கு, அள்ளிக்கொள், சத்தம் போட்டுக்கொண்டு மேலே போ, திருமாலின் மேனி போல உடம்பு கறுக்கட்டும் என்கிறாள். சக்கரம் மின்னலாகிறது, சங்கு இடியாகிறது, அம்புகள் மழையாகின்றன. மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுக்கொண்டு, கையில் தொன்னையோடு, வெண்பொங்கலுக்காக நின்ற காலத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்கு மலையடிவாரம். அங்கே கடல் ஏது? மேகம் கடலுக்குள் புகுவதை இந்தப் பெண் எங்கே பார்த்தாள்?

பார்த்திருக்க வேண்டியதில்லை, அது கவிமரபு என்பார் தமிழாசிரியர். வாஸ்தவம்தான், முல்லைப்பாட்டின் தொடக்கத்திலேயே மேகம் கடலைக் குடித்துவிட்டுத்தான் மலையேறுகிறது. ஆனால் மரபை யாரோ ஒருவன் தொடங்கியிருக்க வேண்டுமே. அவன் ஏன் நம் பக்கத்தவனாக இருக்கக் கூடாது? சிறுபாணாற்றுப்படையில் வரும் நல்லியக்கோடனின் கிடங்கில்தான் இன்றைய திண்டிவனம். எயிற்பட்டினம் மரக்காணம் என்பார்கள். அந்த நூலைப் பாடிய நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். இந்தக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பரதவன் எவனோ மேகத்திலிருந்து வால் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருப்பான், புலவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. ஆதாரம் கேட்டால் கிடையாது.

மொண்டதற்கு வேறு சாட்சி வேண்டுமானால் இலங்கைக்குப் போகலாம். 2014 மே மாதம் சிலாபத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் கூரைமேலும் ரோட்டிலும் வயலிலும் மீன் விழுந்தது. சுமார் 50 கிலோ. சில உயிரோடு துள்ளின. வாளித் தண்ணீரில் போட்டு வைத்துச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். நீர்நிலையில் இறங்கிய சுழல்காற்றின் வேலை என்று சொன்னார்கள். கழுவெளியில் இறாலும் மடவையும் உண்டு. மயிலத்து வீதியில் மடவை விழுகிற நாள் கிருத்திகையாக இல்லாமலிருந்தால் சரி.