வெருகின் வீடு எது?



வரையாட்டுக்கு மலை, குழிமுசலுக்குக் கன்மலை, கொக்குக்குத் தேவதாரு மரம் என்று ஒவ்வோர் உயிருக்கும் அதன் இருப்பிடத்தைச் சுட்டிக்காட்டிச் செல்கிறது 104-ஆம் சங்கீதம். அந்த வரிசையில், நாம் வந்து குடியேறியிருக்கும் இந்த நாட்டின் பாப்கேட்டையும் சேர்க்க நேர்ந்தால் அதற்கு எந்த இடத்தைக் குறிப்பது? பாலைவனமா, சதுப்புநிலமா, பனிக்காடா, அல்லது உங்கள் வீட்டின் கொல்லைப்புறமா?

உங்களில் பலர் அதை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். "பாஸ்டர், இது சிறுத்தைக் குட்டியா?" என்ற கேள்வியோடு காணொளிகள் என் கைபேசிக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. குட்டி அன்று, முழுதாய் வளர்ந்த விலங்கேதான். வீட்டுப் பூனையைப் போல் இருமடங்கு பருமன். நன்கு வளர்ந்த ஆண் ஏறக்குறைய 10 கிலோ எடை இருக்கும். காதின் பின்புறத்தில் வெள்ளைப் புள்ளி, நுனியில் சிறு மயிர்க்குச்சம். வாலோ ஒரு சாண் அளவுதான். யாரோ கத்தரித்துவிட்டது போலிருக்கும். பெயரே அந்தக் குட்டை வாலால் வந்தது. வால் நுனியின் மேற்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. காட்டுப்பூனைக்குத் தமிழில் 'வெருகு' என்று அழகான பழஞ்சொல் உண்டு. அதையே இதற்கும் வழங்க எனக்கு ஆசைதான்; ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் விழிப்பார்கள் என்பதால் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

தெற்குக் கனடாவில் தொடங்கி, அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களையும் கடந்து, மெக்சிகோவின் உட்பகுதி வரை இவ்விலங்கு வாழ்கிறது. அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில், கோடையின் நண்பகலை அது பாறை நிழலில் கழித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் வறண்ட ஓடைப்படுகைகளின் வழியே வேட்டைக்குப் புறப்படும். மலைச்சிங்கத்துக்குத் தப்பி, முள் அடர்ந்த சகுவாரோ கள்ளியின் உச்சியில் ஏறி அமர்ந்திருந்த ஒரு பாப்கேட்டின் புகைப்படத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். அதே இனம் ஜார்ஜியாவின் ஓகிஃபெனோக்கி சதுப்புநிலத்தில் நீரில் இறங்கி நீந்துகிறது. தெற்கே அதன் உணவில் பருத்தி எலிக்குப் பெரிய பங்கு, வடக்கே முயல். கடுங்குளிர் காலத்தில், பனியில் நலிந்து நிற்கும் மானைக்கூட வீழ்த்திவிடும். தின்றது போக எஞ்சியதைப் பனியாலோ சருகாலோ மூடிவைத்து மறுநாள் திரும்பி வரும். இரை மிகுந்த நிலத்தில் சில சதுர கிலோமீட்டருக்குள் அதன் வாழ்வு அடங்கிவிடுகிறது. இரை அரிதான வடக்கில் 100 சதுர கிலோமீட்டருக்கு மேலும் அலைகிறது.

எங்கும் வாழும் என்றவுடன் எதையும் தாங்கும் என்று எண்ணிவிடுகிறோம். அதன் பாதத்தைப் பாருங்கள். கனடா லின்க்ஸ் என்னும் அதன் உறவினத்துக்குப் பாதங்கள் அகன்று, மயிர் அடர்ந்து, பனியில் புதையாமல் நடக்க உதவுகின்றன. பாப்கேட்டின் பாதம் உடலுக்கேற்ற சிறிய பாதம். அரையடிக்கு மேல் பொடிப்பனி கிடந்தால் ஒவ்வோர் அடிக்கும் கால் புதைகிறது, துரத்த இயலாது, பட்டினி நெருங்குகிறது. ஆகவே ஆழ்பனி தொடங்கும் இடத்தில் அதன் நாடு முடிந்து லின்க்ஸின் நாடு தொடங்குகிறது. இடையில் வேலி ஏதும் இல்லை. பனியின் ஆழமும் பாதத்தின் அகலமும் எல்லையை வகுத்துவிடுகின்றன.

மறைவிடமும் சிறு விலங்குகளும் அதற்கு இன்றியமையாதவை. இவ்விரண்டில் ஒன்று போனாலும் அது போய்விடும். ஓஹையோவில் காடுகளை வெட்டி வயலாக்கியபோது மறைவிடம் அழிந்தது. 1850-க்குள் அம்மாநிலத்தில் பாப்கேட் இல்லாமற்போயிற்று. கைவிடப்பட்ட நிலங்களில் புதரும் மரமும் மீண்டும் வளர்ந்தபின், எவரும் கொண்டுவந்து விடாமலே, அண்டைப் பகுதிகளிலிருந்து அது திரும்பி வந்தது. 2014-இல் அழிவுக்குள்ளாகும் விலங்குகளின் மாநிலப் பட்டியலிலிருந்தே அதன் பெயர் நீக்கப்பட்டது. ஜார்ஜியாவின் கம்பர்லாந்து தீவிலோ மனிதர்களே கொண்டுபோய் விட்டார்கள்: 1988-லும் 1989-லுமாக 32 பூனைகள். அதன்பின் அங்கே மான்கள் குறைந்தன. மான்கள் மேய்ந்துவிடுவதால் தலையெடுக்காதிருந்த ஓக் கன்றுகள் பெருகின. ஒரு பூனை மரம் வளர்த்த கதை!

புலம்பெயர்ந்த நமக்கு இதையெல்லாம் உவமையாக்கச் சொல்லி நா துடிக்கிறது. இவ்வாரம் அதை அடக்கிக்கொள்கிறேன். பூனை பூனையாகவே இருக்கட்டும். அதைப்பற்றி உங்களிடம் பேச வேறொரு காரியம் உண்டு.

நம் சபைக் குடும்பங்கள் சில, சாண்டா மோனிக்கா மலைத்தொடரின் அடிவாரத்தில் வசிக்கின்றன. அம்மலைகளில் தேசியப் பூங்காத் துறையினர் 1996 முதல் பாப்கேட்டுகளைப் பிடித்து, ரேடியோ கழுத்துப்பட்டை கட்டி, விட்டுப் பின்தொடர்ந்து வருகிறார்கள். இயல்பாக விடியலிலும் அந்தியிலும் நடமாடும் பிராணி, வீடுகளுக்கு அருகே வாழும்போது இரவை நோக்கித் தன் பொழுதை நகர்த்திக்கொள்கிறது. நாம் உறங்கும் நேரத்தை அது அறிந்துவைத்திருக்கிறது என்றே சொல்லலாம். ஈனுவதற்கு ஒரு பாறைப் பிளவையோ அடர்ந்த புதரையோ தேடும். சில வேளை வீட்டின் மரத்தளத்துக்கு அடியிலும் குட்டிகள் பிறக்கின்றன. ஈற்றுக்கு 2 முதல் 4 குட்டிகள். தாய் தனியாகவே வளர்க்கிறது. ஆபத்தை உணர்ந்தால் ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு மறைவிடத்துக்கு மாற்றுகிறது. நீங்கள் கண்ட குட்டிகள் மறுநாள் காணாமற்போனால் கவலைப்பட வேண்டாம்.

101-ஆம் நெடுஞ்சாலை அதற்கு வேறுவகைச் சோதனை. பத்துத் தடங்கள், நாளொன்றுக்கு 3,00,000-க்கும் மேற்பட்ட வண்டிகள். மழைநீர் வடியும் சிறுபாலங்களின் வழியாகச் சில பூனைகள் மறுபுறம் போய்விடுகின்றன. ஆனால் 2006-இல் வெளியான ஆய்வொன்று வியப்பான செய்தியைச் சொன்னது: கடந்து போனவற்றுள் பெரும்பாலானவை அங்கே இனம் பெருக்கவில்லை. சாலையோரம் நெடுக ஏற்கெனவே வாழும் பூனைகளின் எல்லைகள் நெருக்கியடித்துக் கிடப்பதால், புதிதாய் வருகிறவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை. வழி கிடைத்தும் வாழ்வு கிடைக்கவில்லை. லிபர்ட்டி கேன்யனில் நெடுஞ்சாலைக்கு மேலே, மண்ணும் செடியும் பரப்பிய வனவிலங்குப் பாலத்தின் கட்டுமானம் 2022-இல் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். அவ்வழியாகப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வெயிலுக்கும் சேற்றுக்கும் நகரத்துக்கும் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்ட இந்த விலங்கால், எலிமருந்துக்கு மட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை.

கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிகளில் வைக்கப்படும் மருந்துகளில் ஒரு பெரும் வகை, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை. பல நாட்கள் உயிரோடிருந்து, மெல்ல மெல்லத் தளர்ந்து, வெட்டவெளியில் தடுமாறித் திரிகிறது. வேட்டையாடும் பிராணிக்கு அதைவிட எளிய இரை உண்டா? எலியின் உடலிலுள்ள நஞ்சு பூனையின் கல்லீரலில் போய்ச் சேர்கிறது. ப்ரோடிஃபாகூம் போன்றவை மாதக்கணக்கில் அங்கேயே தங்கும். அடுத்த எலி, அதற்கடுத்த எலி என்று நஞ்சு சேர்ந்துகொண்டே போகிறது. இறந்த பாப்கேட்டுகளின் கல்லீரலைச் சோதித்தபோது, பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் அது இருந்தது. பிறவாத குட்டிகளிலும் கண்டார்கள்.

பெரும்பாலும் அது இரத்தப்போக்கால் சாவதில்லை. சொறி பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலைத் துளைக்க, மயிர் உதிர்ந்து, முகமெல்லாம் பொருக்குத் தட்டி, கண் திறக்க மாட்டாமல் மெலிந்து மெலிந்து சாகிறது. ஆரோக்கியமான பூனையில் இந்த உண்ணி இத்தனை கொடுமை செய்வதில்லை. நஞ்சு ஏறிய பூனைகளில், நோயை எதிர்க்கும் மரபணுக்களும் தோலைக் காக்கும் மரபணுக்களும் இயல்பு மாறி இயங்குவதை 2018-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. 2002-இல் இந்நோய் நம் மலைகளில் பரவத் தொடங்கியது. அதற்கு முன் நான்கில் மூன்று பூனைகள் ஓராண்டைக் கடந்து உயிர் பிழைத்த இடத்தில், 2003-இல் மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

பட்டப்பகலில், எலும்பும் தோலுமாய், வீட்டுப் படிக்கட்டில் அசையாமல் படுத்திருந்த ஒன்றை நான் ஒருமுறை பார்த்தேன். அந்த வீட்டார் அதைச் சாதுவான பிராணி என்று எண்ணிப் பால் வைத்திருந்தார்கள். அப்படி ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், உணவு வைக்காதீர்கள். வனவிலங்கு மீட்பு மையத்தாரை அழையுங்கள். வேளையோடு பிடித்துச் சிகிச்சை தந்தால் பிழைப்பதுண்டு.

கலிபோர்னியா அரசு 2020-இல் சட்டம் இயற்றி, இவற்றுள் கொடிய வகையின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடைசெய்தது, விதிவிலக்குகளும் உண்டு. ஆனால் பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நம் மண்டபத்தின் பின்புறத்தில் நான்கு பெட்டிகள் இருக்கின்றன. கடந்த கமிட்டிக் கூட்டத்தில் அவற்றை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, சமையற்கூடப் பொறுப்பிலுள்ள மூத்த சகோதரி எழுந்து, "அரிசி மூட்டையில் எலிப்புழுக்கை கிடக்கிறது, பாஸ்டர். பூனைக்காகப் பிள்ளைகளை நோயில் தள்ளுவதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகளாக நமக்குச் சோறு வடிக்கும் கை அது. எலியின் தொல்லை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். அந்தப் பெட்டிகள் மூன்று ஆண்டுகளாக இருக்கின்றன, எலியும் இருக்கிறது. உள்ளே வரும் வழி திறந்திருக்கும்வரை, செத்த எலியின் இடத்துக்கு வேறோர் எலி வரும். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பெரிய எலிக்கு 12. நம் கூரையோரத்தில் அதைவிடப் பெரிய துளைகள் ஏழு இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். மூடியுள்ள இரும்புத் தொட்டியில் அரிசி இருக்க வேண்டும், சாக்கில் அன்று. எஞ்சும் எலிகளுக்குப் பொறி இருக்கிறது. அது நொடியில் வேலையை முடிக்கும், நஞ்சை வெளியே அனுப்பாது. இரண்டு மாதம் இப்படிச் செய்து பார்ப்போம், பிறகு பேசலாம் என்று சகோதரி ஒப்புக்கொண்டிருக்கிறார். முழுமனதோடு அல்ல, அவர் முகம் சொன்னது.

ஆகவே வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மண்டபத்தின் பின்வாசலில் கூடுகிறோம். இரும்பு வலையும் சிமெண்டும் வாங்கியாயிற்று. பெட்டிகளை யாரும் திறக்க வேண்டாம். வைத்த நிறுவனத்தாரே வந்து எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டடி எட்டக்கூடிய ஏணி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர்கள் வெள்ளிக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.