கரும்பு வந்த ஊரில் தக்காளி

தருமபுரி

அன்புள்ள நண்பா,

“அந்த ஊரில் மெக்சிகன் ஓட்டல் இருந்தால் எனக்கும் ஒரு பார்சல்” என்று கேலி செய்து அனுப்பியிருந்தாய். நான் நடந்த தெருக்களில் கண்ணில் பட்டதெல்லாம் பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை, பேக்கரி. பெங்களூர் இங்கிருந்து 130 கிலோமீட்டர்தான். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் பழகிக்கொண்ட அந்தச் சாப்பாடு மட்டும் இன்னும் கூடவே பஸ் ஏறி வரவில்லை.

உன் மகன் பெங்களூரில் நம்மை அழைத்துப் போனது நினைவிருக்கும். வெள்ளித்தாளில் சுற்றிய பெரிய பர்ரிட்டோ உருளையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “சப்பாத்திக்குள்ளே சோறா!” என்று நீ முகம் சுளித்தாய். உன்மேல் தப்பில்லை. 2010இல் மந்திரி மாலில் கடை திறந்த டாக்கோ பெல் ஆகட்டும், 2012இல் தொடங்கிய கலிபோர்னியா பர்ரிட்டோ ஆகட்டும், இரண்டுமே அமெரிக்க வழியாக வந்த மெக்சிகோ. கோதுமை ரொட்டி, ராஜ்மா, நமக்காகப் பன்னீர். அதே 2010இல்தான் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சமையலுக்கு ஆதாரம் மூன்று: மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய். நாம் அன்று சாப்பிட்டதில் மக்காச்சோளம் எங்கே இருந்தது? பக்கத்து மேசைக்காரர் கொறித்த சிப்ஸில் இருந்தது.

ஓட்டல் இல்லாவிட்டால் என்ன, அதன் சமையலறைச் சாமான் முழுக்க இந்த மாவட்டத்தில் விளைகிறது. விடியற்காலையில் பாலக்கோடு தக்காளிச் சந்தைக்குப் போனேன். கிரேட் கிரேட்டாகத் தக்காளி; இடையில் நுழைய வழியில்லை. ஏலம் முடிந்ததும் லாரி ஏறி வெளியூர் போகிறது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசு அறுபது ரூபாய்க்கு விற்க நேர்ந்ததே, அந்த மாதம் இங்கே சிலருக்குக் கடன் அடைந்திருக்கும். விலை சரிந்தால் பறிக்கிற கூலிகூடத் தேறாமல் ரோட்டோரம் கொட்டுவதும் இதே ஊரில்தான். காட்டில் முளைத்த இந்தப் புளிப்புக் காயை வீட்டுப் பயிராக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். மிளகாயும் அவர்களிடமிருந்து போர்ச்சுக்கீசியர் கைமாறி நமக்கு வந்தது.

தக்காளியையும் மிளகாயையும் தணலில் வாட்டி, வெங்காயம், கொத்தமல்லியோடு கல்லில் நசுக்கினால் அவர்களுக்கு அது சல்சா. இங்கே களிக்குத் தொட்டுக்கொள்ளும் சுட்ட தக்காளிச் சட்னி. வேற்றுமை பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே எலுமிச்சை பிழிவார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அவன் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாராட்டுகிறார். அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கரும்பை யாரும் பேசுவதில்லை. அயலிலிருந்து ஒரு பயிர் வந்ததை அரச குலத்தின் பெருமையாகப் பாடி வைத்த ஊர் வேறு எது? பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே வந்துவிட்டது. தக்காளியைக் கொண்டுவந்தவனுக்குத்தான் பாட்டு இல்லை.

மக்காச்சோளத்துக்கு அதைவிட மோசமான கதி. இந்தப் பக்கம் காடுகாடாய் விளைகிறது. பெரும்பகுதி நாமக்கல் கோழிகளின் தீவனத்துக்குப் போய்விடுகிறது. மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் கழுவி, கால் வைத்த அம்மியில் அரைத்து, அந்த மாவை வட்டமாகத் தட்டிக் கல்லில் சுடுகிறார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். தானியத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகள் பெல்லாக்ரா நோய் வந்து தோல் வெடித்துச் செத்தார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். தேவைப்படவில்லை, அதுதான் காரணம். கேழ்வரகு இருந்தது.

மதியம் ஒரு மெஸ்ஸில் அந்தக் கேழ்வரகுக் களிதான். ஆவி பறக்கும் உருண்டை, கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு. மெல்லக் கூடாது, கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். உனக்குப் பிடிக்காது, தெரியும். 2023இல் அரசு நீலகிரிக்கும் தருமபுரிக்கும் மட்டும் முதலில் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. சாப்பிடத் தெரிந்தவர்களிடமே போய்ச் சேர்ந்தது, சரியான முடிவு.

ஒகேனக்கல் போகும் வழியில், பென்னாகரம் தாண்டியதும், பாறைச் சரிவில் சப்பாத்திக்கள்ளி. மெக்சிகோவில் இதன் மடலை முள் சீவி, நறுக்கி, வதக்கிச் சாப்பிடுகிறார்கள். நம் பிள்ளைகள் பழத்தை மட்டும் முள் நீக்கித் தின்று வாயைச் சிவப்பாக்கிக்கொள்வதோடு சரி. இந்தக் கள்ளி வகைகளைச் சென்னையில் தோட்டம் போட்டு வளர்த்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். கள்ளிமேல் வளரும் பூச்சியிலிருந்து மெக்சிகோக்காரர்கள் எடுத்த சிவப்புச் சாயத்தில் ஸ்பெயின் கொழுத்துக்கொண்டிருந்தது; அதில் பங்கு கேட்கும் ஆசை. 1795இல் பூச்சி வந்தது, ஆனால் பிரேசிலிலிருந்து, மட்டமான இன்னொரு வகை. சாயம் தேறவில்லை, கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. அதையே 1830களில் தென்னாட்டில் கள்ளியை ஒழிக்க ஏவினார்கள். பூச்சியை விட்டுக் களையைக் கொல்லும் முறைக்கு உலகில் இது முன்னோடி என்கிறார்கள். ஆண்டர்சன் பூச்சிக்குக் காத்திருந்த அந்த ஆண்டுகளில்தான் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ, பாரமகால் எனப்பட்ட இந்தப் பகுதியில் நிலவரி கணக்கெடுத்துக்கொண்டு தருமபுரியில் குடியிருந்தார். அவர் பெயரில் இங்கே ஒரு தூணும் உண்டு.

ஒகேனக்கல் சாப்பாடுதான் இந்தப் பயணத்தின் உச்சம். மீன் சந்தையில் நீயே மீன் வாங்க வேண்டும். கட்லா, ரோகு, வாளை, கெளுத்தி, ஜிலேபி என்று கிடைப்பதைப் பார்த்து எடுத்து, அங்கே அடுப்பு மூட்டியிருக்கும் பெண்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பரிசலில் போய் அருவியைப் பார்த்து வரலாம். திரும்பும்போது விறகடுப்பில் குழம்பு கொதித்திருக்கும். வறுவலுக்கு மசாலா தடவிக் காத்திருப்பார்கள். கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள். ஜிலேபி ஆப்பிரிக்கா, 1950களில்தான் இந்தியாவுக்கு வந்தது. குழம்பின் சிவப்பும் காரமும் மெக்சிகோ. எனக்குச் சமைத்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். “எந்த ஊருதா இருந்தா என்ன சாமி, உப்பு சரியா இருக்குதா பாரு” என்றார். சரியாக இருந்தது. பெங்களூரில் நாம் கொடுத்த பில்லில் இங்கே குடும்பமே சாப்பிட்டிருக்கலாம்.

நீ வருவதானால் ஆடிப் பெருக்கைத் தவிர்த்துவிடு. கூட்டத்தில் அடுப்பையே பார்க்க முடியாது. கர்நாடக அணைகளில் உபரி நீர் திறந்தால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்பு. மீன்காரரிடம் தாராளமாக விலை பேசு. சமைக்கிறவரிடம் பேசாதே, கேட்பதைக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்