விசைத்தறி ஊரின் விண்வீரன்

கல்லூரியில் அரபும் தமிழும் கற்பித்து வரும் நமக்கும், ஆகாயத்தில் பறந்து திரியும் சூப்பர்மேனுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்பது நியாயமே. மதரஸாவில் ஓதிய காலத்தில் நாம் நஹ்வும் ஸர்பும் மனனம் செய்தோமேயன்றி, உள்ளாடையை வெளியே அணிந்த அந்த வீரரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இல்லை. ஆயினும் 2025ஆம் ஆண்டில் நம் மாணவர் அறுவர் கையில் காசில்லாமல் ஒரு சூப்பர்மேன் படம் எடுக்கத் துணிந்தபோது, வசனத்தைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. அதை மறுக்க மனம் வரவில்லை. மறுக்காமல் போனதற்கு ஓர் ஊர் காரணம்.

அந்த ஊர் மாலேகாவ். மராட்டிய மாநிலத்து நாசிக் மாவட்டத்தில், மோசம் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நெசவாளர் ஊர். நம்மோடு வட ஆர்க்காட்டில் ஓதிய நண்பர் ஒருவர் அவ்வூர்க்காரர். விசைத்தறியின் சத்தம் நின்றால்தான் தம் ஊரார்க்குத் தூக்கம் கலையும் என்று வேடிக்கையாகச் சொல்வார். வெள்ளிக்கிழமை அங்கே தறிகளுக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தறித் தொழிலாளர்கள் திரையரங்குகளை நோக்கித் திரளுவார்கள் என்பதும் அவர் சொல்லி நாம் அறிந்ததே.

அவ்வூரில் வீடியோ பார்லர் நடத்திக்கொண்டும், கலியாணங்களை வீடியோ எடுத்துக்கொண்டும் இருந்தவர் ஷேக் நாசிர். 2000ஆம் ஆண்டையொட்டி, 1975இல் வெளிவந்த 'ஷோலே' படத்தைத் தம் ஊர்க்காரர்களை வைத்து நகைச்சுவையாக மறுபடி எடுத்தார். ஏறத்தாழ 50,000 ரூபாயில் முடிந்த அந்தப் படத்தை ஊரே திரண்டு பார்த்தது. பிறகு அவர் கை வைத்தது சூப்பர்மேன் மீது. அந்தப் படம் உருவான கதையை ஃபைஸா அஹ்மத் கான் என்ற பெண்மணி 2008இல் ஓர் ஆவணப்படமாக ஆக்கினார். அதே மாலேகாவ்க்காரர்களின் வாழ்வைத் தழுவி ரீமா காக்தி இயக்கிய இந்திப் படம் 2025 பிப்ரவரி 28 அன்று திரைக்கு வந்தது. நம் மாணவர்கள் கைபேசியில் முதலில் பார்த்தது பின்னதை. ஆவணப்படத்தைத் தேடிப் பார்க்கச் சொன்னது நாம்.

ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கிரேன் இல்லாத இடத்தில் மாட்டுவண்டி ஏறி இறங்குகிறது, அதன்மேல் காமிரா. தண்டவாளத்துக்குப் பதில் மிதிவண்டி. நீருக்குள் விழுந்து காமிரா பழுதாகிவிடுகிறது, படப்பிடிப்பு நின்றுபோகிறது, பின் எப்படியோ தொடர்கிறது. வீரராக நடித்தவர் ஷஃபீக் என்ற தறித் தொழிலாளி. ஒட்டிய கன்னமும் ஒல்லியான தேகமுமாக, நாடா தொங்கும் அரைக்கால்சட்டையோடு நிற்கிறார். உலகத்தைக் காக்க வந்தவருக்கு ஊர்ப்புழுதியில் மூச்சு வாங்குகிறது. வில்லனோ குப்பையையும் அழுக்கையும் காதலிப்பவன். படப்பிடிப்பு நடக்கையிலேயே ஷஃபீக்குக்குக் கலியாணமும் ஆகிறது. நடிக்க ஊர்ப் பெண்கள் முன்வரமாட்டார்கள் என்பதால் கதாநாயகியை வெளியூரிலிருந்து அழைத்து வருகிறார்கள். இவ்வளவையும் அவர்கள் செய்துகொண்டிருந்த காலம் எது தெரியுமா? 2006 செப்டம்பர் 8, பராஅத்தை ஒட்டிய வெள்ளிக்கிழமை அன்று, அந்த ஊரில் குண்டுகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தித்தாள் படிப்போர்க்கு மாலேகாவ் என்றாலே வெடிகுண்டுதான் நினைவுக்கு வந்த காலம் அது. அந்த ஊரார் தம்மைப் பார்த்துத் தாமே சிரித்துக்கொள்ளும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஷஃபீக் வாய்ப் புற்றுநோயால் இளவயதிலேயே இறந்துபோனார். 2012இல் ஆவணப்படம் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது அவர் இல்லை. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு மாணவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டார். உதட்டுக்குள் வைக்கும் அந்தப் புகையிலைப் பொட்டலம் அதில் இருந்ததை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டோம்.

பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்தாள்வது திருட்டல்லவா என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். விற்றுக் காசாக்கினால் சட்டம் கேட்கும். அதில் நமக்கு ஐயமில்லை. மாணவர்களிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டோம். ஆனால் இலக்கியம் பயின்றவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றைச் சொல்கிறது. முன்னோர் நூலின் முடிபை ஒத்து, பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல். அரபியில் முஆரளா என்றொரு மரபு உண்டு. ஒரு கவிஞர் பாடிய அதே யாப்பிலும் அதே இயைபிலும் மற்றொருவர் பாடிக் காட்டுவது. பூஸீரி இமாம் பாடிய புர்தாவின் தடத்தில் மிஸ்ரு நாட்டு அஹ்மத் ஷவ்கி 'நஹ்ஜுல் புர்தா' பாடினார். தக்மீஸ் என்பது இன்னும் நெருக்கமான உறவு. பிறருடைய ஈரடிக்கு முன் தம்முடைய மூவடியைப் பொருத்துவது. கீழக்கரையில் அடங்கியிருக்கும் ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்கள் வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் இயற்றியவர்களே. அன்பின் மிகுதியால் ஒன்றைத் தொடர்ந்து பாடுவதை நம் முன்னோர் குற்றமாகக் கொள்ளவில்லை. புனிதக் கவிதையையும் பறக்கும் வீரரையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். தொழில்முறை ஒன்றே என்றுதான் சொல்கிறோம்.

சூப்பர்மேனைப் படைத்தவர்களும் பெரிய முதலாளிகள் அல்லர். அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஒரே பள்ளியில் படித்த இரு நண்பர்கள், ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஷஸ்டரின் தந்தை தையற்காரர். 1938இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை அவ்விருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதைக் கேட்ட நம் மாணவர்களில் ஒருவர், "அப்படியானால் அவரும் நம்மைப் போலத்தான் ஹஜ்ரத்" என்றார். எவரைச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

கதையை அவர்களே கட்டினார்கள். வேற்றுக் கோளிலிருந்து வந்த வீரர் நம் கடற்கரை ஊரில் இறங்குகிறார். மலையைத் தூக்கவும் ரயிலை நிறுத்தவும் ஆயத்தமாக நிற்கிறார். ஊர்ப் பெண்களோ, தண்ணீர் லாரி வந்துவிட்டது, நாலு குடம் பிடித்துத் தா என்கிறார்கள். படம் முழுவதும் அவர் குடம் சுமக்கிறார். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் குடிநீருக்குத் தள்ளுவண்டி தள்ளியவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பெண்களை நடிக்க வைக்கும் இக்கட்டும் எழவில்லை. சன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அதையும் ஒரு மாணவரின் பெரியம்மா கொடுத்தார்.

வசனத்தில்தான் நமக்கும் அவர்களுக்கும் பூசல். வீரர் மேடைத் தமிழில் முழங்க வேண்டும் என்று அவர்கள் எழுதி வந்திருந்தார்கள். எந்தக் கோளிலிருந்து வந்தாலும், தமிழை நம் தெருவில் கற்றவன் தெருத் தமிழைத்தான் பேசுவான் என்று நாம் அடித்துத் திருத்தினோம். நாற்பது வரிகள் பதினொன்றாயின. நிபந்தனைகளும் சில விதித்தோம்: வகுப்பு தவறக் கூடாது, மக்ரிபு பாங்குக்குப் பின் படப்பிடிப்பு இல்லை, உயரமான எதன் மீதும் ஏறக்கூடாது. நீர்த்தொட்டியின் மேலிருந்து குதிக்கும் காட்சியை நாமே கிழித்துப் போட்டோம். உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்தை இங்கு விரிக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

பறக்கும் வித்தையை நேயர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். பின்னால் பச்சைத் துணியைக் கட்டிப் படம் பிடித்தால், கைபேசியிலுள்ள செயலி பச்சை நிறத்தை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் வானத்தை வைத்துவிடும். மனிதத் தோலின் நிறத்துக்குப் பச்சை வெகுதூரம் என்பதால் அந்த நிறத்தைத் தேர்கிறார்களாம். துணியில் சுருக்கமோ நிழலோ விழுந்தால் வானம் கிழிந்து தெரியும். பிள்ளைகள் ஒன்பது மீட்டர் துணி வாங்கி, தேய்த்து, சுவரில் ஆணியடித்துக் கட்டினார்கள். தர்காவில் போர்த்திய பச்சைப் போர்வையைக் கேட்டு வாங்கலாமா என்ற யோசனையும் எழுந்தது. நாம் பார்த்த பார்வையில் அது அங்கேயே மடிந்தது. வகுப்புப் பெஞ்சின் மேலும் பச்சையை விரித்து, வீரரை வயிறு படியக் கிடத்தி, எதிரே மேசை விசிறியைச் சுழலவிட்டார்கள். தோளில் கட்டிய சிவப்புத் துணி படபடத்தது. முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், வீரரின் தலையில் வட்டமாக ஓட்டைகள். ஓட்டை வழியே மேகம் போகிறது. அவர் அணிந்திருந்த தொப்பியில் பச்சை நூலால் பூவேலை! தண்ணீர் லாரியைத் தூக்கும் காட்சிக்குச் செலவே இல்லை. லாரி தூரத்தில் நிற்கும். வீரர் காமிராவின் அருகில் நின்று உள்ளங்கையை அதற்கு நேரே பிடிப்பார். நாமும் ஒரு முறை கையை நீட்டிப் பார்த்தோம். மனத்துக்கு இதமாகத்தான் இருந்தது. மொத்தச் செலவு 1,340 ரூபாய். அதில் பாதிக்கு மேல் தேநீரும் வடையும்.

வீரராக நடித்தவர் மூன்றாம் ஆண்டு மாணவர். சட்டைப்பையைத் தடவியவரும் அவரே. அவருடைய வாப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் ஷார்ஜாவில் உழைத்து, நெஞ்சுவலியோடு திரும்பி வந்தவர். இரண்டு லாத்தாமார்களுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. நவம்பர் மாதத்தில், மச்சான் ஒருவரின் முயற்சியால் அங்குள்ள மளிகைக் கடையொன்றுக்கு விசா கிடைத்தது. ஒரு பருவத் தேர்வுதான் பாக்கி. ஏப்ரல் வரை பொறுக்கலாகாதா என்று கேட்க நாம் வீட்டுக்கே போனோம். வாப்பா நமக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தாம் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார்.

"பட்டம் வாங்கட்டும்னுதான் ஹஜ்ரத் எனக்கும் ஆசை. விசா ஏப்ரல் வரைக்கும் நிக்குமா?"

நமக்கு விடை தெரிந்திருந்தது. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். நவம்பர்த் தேர்வை எழுதிவிட்டு டிசம்பரில் அவர் விமானம் ஏறினார். பறக்கும் காட்சிகளெல்லாம் முடிந்திருந்தன. தரையில் நடக்கும் இரண்டு காட்சிகள் மீதமிருந்தன.

மற்ற ஐவரும் கைவிட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். அவர்களுக்கு மாலேகாவ் நினைவுக்கு வந்ததோ என்னவோ, உயரம் குறைந்த ஒரு மாணவருக்குச் சிவப்புத் துணியைக் கட்டி, முதுகுப்புறமாகவே இரண்டு காட்சிகளையும் முடித்தார்கள். குரல் ஷார்ஜாவிலிருந்து வந்தது. கடை அடைத்த பிறகு, நள்ளிரவில், சரக்கறையில் நின்று அவர் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பின்னால் குளிர்பெட்டியின் இரைச்சல் கேட்டது. எவ்வளவோ முயன்றும் அது நீங்கவில்லை. சூப்பர்மேன் பேசும்போதெல்லாம் வானத்துக் காற்று இரைகிறது என்று வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து, படம் முழுவதும் அந்த இரைச்சலையே பரப்பிவிட்டார்கள். நாம் கேட்ட யோசனைகளில் இது சிறந்தது.

பதினான்கு நிமிடப் படம். முதலில் அவர் வீட்டில்தான் காட்ட வேண்டும் என்று ஐவரும் பிடிவாதம் பிடித்தார்கள். முன்னறையில் வாப்பாவும் நாமும் பிள்ளைகளும் அமர்ந்தோம். கைபேசியைத் தண்ணீர்ச் செம்பின் மீது சாய்த்து வைத்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் உம்மாவும் லாத்தாமார்களும் நின்றார்கள். குடம் சுமக்கும் காட்சி வந்ததும், "வீட்டுல ஒரு நாளு ஒரு கொடம் தூக்கியிருப்பானா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது, எல்லோரும் சிரித்தோம். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. முதுகு மட்டும் தெரியும் காட்சியில், "இது அவன் இல்லையே" என்று உடனே கண்டுகொண்டார்.

படம் முடிந்ததும் உம்மா பறக்கும் இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். மூன்றாம் முறையும் போடச் சொன்னார். பிறகு, தோளில் கட்டியிருந்தது தம்முடைய பழைய சிவப்புச் சேலை என்றும், மகன் கேட்காமல் எடுத்துப்போனது என்றும் சொல்லி, அதைக் கொண்டுவந்து கொடுக்கும்படி கேட்டார். மறுநாள் பிள்ளைகள் அதை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முந்தானையில் பசை காய்ந்து ஒட்டியிருந்ததாம். துவைத்துத் தருகிறோம் என்றதற்கு, வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டாராம்.