திரைக்குப் பின்னால் பார்த்த ‘பாசமலர்’

‘பாசமலர்’ படத்தை நான் முதன்முதலில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்த்தேன். செமோருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், சம்பளம் போட்ட வாரம் திடலில் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பெரியவர்கள் முன்னால் பாய் விரித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பின்பக்கம்தான். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். சாவித்திரியின் முந்தானை வலது தோளில் கிடக்கும். கடைசிச் சுருள் ஓடும்போது முன்பக்கத்து அழுகை துணியைத் தாண்டி வந்தது. எனக்கு எட்டு வயது. அம்மா அழுகிறார் என்று நானும் அழுதேன்.

அடுத்த முறை, ஈப்போவில் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். பீம்சிங்கின் இந்த 1961 படத்தை எல்லாரும் அண்ணன் தங்கை கதை என்கிறார்கள். அதற்குள் ஓர் ஆலைக் கதையும் இருப்பது அன்றுதான் புரிந்தது. வேலை பறிபோன தொழிலாளியான சிவாஜி முதலாளி ஆகிறார். சங்கத் தலைவராக ஜெமினி எதிரே வந்து நிற்கிறார். அப்பா தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் பல வருஷம் சந்தா கட்டியவர். “ஜெமினி கேட்கிறது நியாயந்தானப்பா. இவரு மட்டும் நேத்து வரைக்கும் யாரு?” என்றார். தங்கைக்காக அழவே இல்லை.

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலையும் இப்படித்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முதலில், நம் தோட்டத்து வாழ்க்கையை ஒருவர் எழுதிவிட்டாரே என்ற பெருமை. இன்று எங்கள் கித்தா மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை. போன வருஷம் பேத்தியோடு சேர்ந்து படித்தபோது, பால் வெட்டும் கோடு எப்படி இருக்கும் என்று கேட்டாள். சாப்பாட்டு மேசைமேல், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக விரலைச் சரித்துக் கீறிக் காட்டினேன். தானும் ஒருமுறை கீறிப் பார்த்தாள்.

அம்மா போன பிறகு ‘பாசமலர்’ மறுபடியும் பார்த்தேன். தங்கை ராதா பொம்மை செய்து சேர்த்த பணத்தை அண்ணன் கையில் கொடுக்கும் இடம் வந்தது. அத்தனை தடவை பார்த்தும் மனதில் நிற்காத காட்சி. அந்தக் குடும்பத்தின் முதலே அவள் பணம்தானே!

எங்கள் வீட்டில் அது மைலோ டின். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கிறார்கள் என்ற பயம் எல்லா லயத்திலும் இருந்த காலம் அது. பக்கத்துச் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் சம்பந்தன், தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் வீட்டுப் பங்குக்கான வெள்ளி அப்பாவின் பையிலிருந்து வரவில்லை. அம்மா மண்ணெண்ணெய் விளக்கடியில் அந்த டின்னைக் கவிழ்த்து, சுருட்டி வைத்த நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்து நீவி எண்ணிக் கொடுத்தார்.

திடலில் அந்தக் காட்சி ஓடியபோது அம்மா முன்வரிசையில் இருந்தார். நான் துணிக்கு இந்தப் பக்கம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.