யாரு சும்மா செஞ்சு குடுத்தது?

அக்கா மகள் அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அறிவியல் பாடநூலில் கணினிக்கென ஒரு பாடம். அதில் டக்ஸ் பெயிண்ட் என்ற வரையும் மென்பொருளைக் கற்றுத்தருகிறார்கள். என் மடிக்கணினியில் அதை நிறுவிக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் வானவில் தோகையோடு ஒரு மயில் வந்துவிட்டது.

“சித்தி, இதுக்குக் காசு கட்டணுமா?”

“வேண்டாம்டா.”

“அப்ப யாரு சும்மா செஞ்சு குடுத்தது?”

எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே தேட உட்கார்ந்தேன்.

முதலில் கிடைத்த பெயர் பில் கெண்ட்ரிக். அமெரிக்க நிரலாளர். 2002இல் இதை எழுதத் தொடங்கினார். பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் கை சேர்த்தார்கள். பெயரில் இருக்கும் டக்ஸ், லினக்ஸின் சின்னமான பென்குவின். 1996இல் லாரி யூயிங் அதை வரைந்ததும் கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளில்தான்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் டக்ஸ் பெயிண்டைப் பற்றிப் படித்த இடத்திலெல்லாம் கிட் பிக்ஸ் என்று இன்னொரு பெயர் குறுக்கிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போனால், 1988இல் ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டது.

கிரெய்க் ஹிக்மன் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்தவர். அவருடைய 3 வயது மகன் மேக்பெயிண்ட் என்ற வரையும் மென்பொருளில் கிறுக்கிக்கொண்டிருக்கிறான். மவுஸ் அவனுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. ஆனால் தெரியாமல் கை பட்டு மெனு கீழே இறங்கும். படம் வரைவது அங்கேயே தடைப்படும். குழந்தைக்கு வரையத் தெரிந்திருக்கிறது, மென்பொருளுக்குத்தான் குழந்தையைத் தெரியவில்லை. தகப்பன் அதைக் கவனித்து, மகனுக்காகவே ஒன்றை எழுதினார். அதுதான் கிட் பிக்ஸ்.

அடுத்து வந்த வரியை இரண்டு முறை படித்தேன். 1989இல் அவர் அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார். 1991இல்தான் பிராடர்பண்ட் நிறுவனம் வழியாக அது கடைக்கு வந்து விலைப்பொருளானது. உழைப்புக்கு விலை வைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விலை வந்ததும், வாங்க முடியாத பிள்ளை வெளியே நின்றுவிடுகிறது.

அந்தப் பிள்ளைக்கும் கதவைத் திறந்து வைத்ததுதான் டக்ஸ் பெயிண்ட். அதன் ஜிபிஎல் உரிமம் இலவசத்தோடு நிற்பதில்லை. பள்ளி ஆய்வகத்தில் எத்தனை கணினி இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். மாணவி பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்; அது திருட்டு ஆகாது. மூல நிரலைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். அப்படித் திறந்திருந்ததால்தான் நம்மவர்கள் அதைத் தமிழிலும் பேசவைக்க முடிந்தது. அரசுப் பள்ளிக்குள் நுழையும் மென்பொருளுக்கு இவ்வளவாவது தகுதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் அதை மறுபடி திறந்து பார்த்தேன். படத்தைச் சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்பதில்லை. பழைய படங்களைத் திறக்கப் போனால் பெயர்ப் பட்டியல் வராமல் படங்களே சின்னச் சின்னதாக வந்து நிற்கின்றன. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்த வேலை. மெனுவோடு தடுமாறிய அந்த 3 வயதுக் கை என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மாலையில் அவளிடம் முழுக்கதையும் சொன்னேன். மயிலுக்கு மழை போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அந்தத் தம்பிக்கு இப்ப என்ன வயசு, சித்தி?”

“நாற்பது இருக்கும்.”

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். “எங்கம்மா வயசு” என்றாள்.